பெல்ட் கொடுத்தீர்கள், பங்கு எங்கே?

2016 நவம்பர் 12 இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடி ஆல்வாரஸை இரண்டாவது சுற்றில் சாய்த்துவிட்டு நிருபர்கள் முன்னால் வந்தார் கானர் மெக்ரெகர். கூண்டுக்குள் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை நடத்தும் யூஎஃப்சி கம்பெனியின் வரலாற்றில் ஒரே நேரத்தில் இரண்டு எடைப் பிரிவுகளின் பட்டத்தை வைத்திருந்த முதல் ஆள் அவர்தான். அன்றைய டிக்கெட் வசூல் மட்டும் 1.77 கோடி டாலர். அதுவரை அந்தக் கம்பெனி பார்த்திராத தொகை. நன்றி சொல்லி நாலு ஜோக் அடித்துவிட்டுக் கிளம்புவார் என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவரோ கம்பெனியில் பங்கு கேட்டார்.

சம்பள உயர்வோ போனஸோ அவர் கேட்கவில்லை. வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, என் மதிப்பு எனக்குத் தெரியும், நான் தொடர்ந்து சண்டை போட வேண்டுமானால் என்னை உடைமைக்காரனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். டிவியில் பேச்சு நிகழ்ச்சி நடத்தும் கோனன் ஓ'பிரையனுக்கே பங்கு இருக்கிறதே, என்னுடையது எங்கே என்று ஒரு குத்தும் விட்டார்.

அந்தக் குத்துக்குக் காரணம் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்புதான் யூஎஃப்சி கை மாறியிருந்தது. டபிள்யூஎம்ஈ-ஐஎம்ஜி என்ற ஏஜென்சி தலைமையிலான கூட்டணி, சுமார் 400 கோடி டாலருக்கு அதை வாங்கியது. பிறகு செரீனா வில்லியம்ஸ், மரியா ஷரபோவா, மார்க் வால்பெர்க் என்று ஒரு பிரபலப் பட்டாளத்துக்குச் சின்னச் சின்னப் பங்குகள் போயின. அந்தப் பட்டியலில் கூண்டுக்குள் இறங்கி அடி வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பிரபலங்கள் காசு போட்டு வாங்கினார்கள். மெக்ரெகர் காசு போடாமல் கேட்டார். யூஎஃப்சி தலைவர் டேனா வைட் அசையவில்லை. இரண்டு வாரத்தில் மெக்ரெகரின் இரண்டு பட்டங்களில் ஒன்று போய்விட்டது. பங்கு வரவே இல்லை.

நான் திருப்பூரில் ஆடிட்டர். பனியன் கம்பெனிக் கணக்குகள்தான் என் உலகம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வரும். என்னிடம் ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன்தான் அதைப் பார்க்கப் பழக்கிவிட்டான். ரத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னாலும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் எனக்கு ருசி உண்டு. ஒருநாள் அவன் கேட்டான்: "ஏனுங் சார், கூட்டம் சேர்றதே மெக்ரெகரால. அவருக்கு ஷேர் குடுத்தா என்னங் சார் தப்பு?"

இதே கேள்வியோடு எங்கள் ஊர் முதலாளிகளும் என்னிடம் வருவார்கள். ஒரு கட்டிங் மாஸ்டர் துணி வீணாகாமல் வெட்டுகிறார், ஆர்டர் தேதி தவறாமல் போகிறது. அவரைப் பக்கத்துக் கம்பெனி இழுத்துவிடுமோ என்று முதலாளிக்குப் பயம். "ஆடிட்டருங்க, பேசாம வொர்க்கிங் பார்ட்னரா சேத்திக்கலாமுங்களா?" என்பார். பணம் போடாமல், உழைப்பை மட்டும் போட்டு லாபத்தில் பங்கு எடுப்பவர்தான் வொர்க்கிங் பார்ட்னர். நான் பேனாவை எடுப்பதற்கு முன்னால் மாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்பேன். நஷ்டம் வந்தால் நீங்களும் சுமப்பீர்களா? வெளியே போகும்போது உங்கள் பங்குக்கு என்ன விலை, யார் போடுவது? நேற்றுவரை உங்களோடு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நாளைக்குக் கூலி உயர்வு கேட்டால் நீங்கள் எந்தப் பக்கம்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொன்ன மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

நஷ்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அங்கேதான் கம்பெனித் தரப்பு பலமாக நிற்கிறது. 2001 ஜனவரியில் ஃபெர்ட்டிட்டா சகோதரர்கள் யூஎஃப்சியை வாங்கிய விலை வெறும் 20 லட்சம் டாலர். லாஸ் வேகஸில் கேசினோ நடத்தும் குடும்பம் அது. டேனா வைட், தம்பி லொரென்ஸோவின் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். அன்றைக்கு அந்த விளையாட்டுக்குப் பல மாநிலங்களில் தடை. செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதை மனிதர்களின் சேவல்சண்டை என்று சொல்லிக் கேபிள் டிவியிலிருந்தே துரத்த வைத்திருந்தார். சகோதரர்கள் போட்ட பணம் போய்க்கொண்டே இருந்தது. நஷ்டம் 4 கோடி டாலரைத் தாண்டிய பிறகு, யாராவது வாங்குவார்களா பார் என்று லொரென்ஸோவே வைட்டிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் மனம் மாறி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றாராம். பிறகு சுமார் 1 கோடி டாலரைத் தங்கள் கையிலிருந்து போட்டு ஒரு ரியாலிட்டி ஷோ எடுத்தார்கள். 2005 ஏப்ரல் 9-இல் அதன் இறுதிப் போட்டியில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனரும் மூன்று சுற்றும் விடாமல் அடித்துக்கொண்டார்கள். அந்த ஒரே சண்டையில் கம்பெனி பிழைத்தது.

பிழைக்க வைத்தது யார், பணம் போட்டவரா, அடித்துக்கொண்ட இருவருமா? நான் இரண்டு பேரையும் சொல்வேன். ஆனால் 20 லட்சத்துக்கு வாங்கியது 400 கோடிக்கு விற்றபோது கிரிஃபின், போனர் பெயர்கள் பங்குதாரர் புத்தகத்தில் இல்லை. முதல் போடாத, பங்கும் இல்லாத ஆட்களின் உழைப்பு கம்பெனியின் விற்பனை விலைக்குள் போய்விடுகிறது. அது சம்பளப் பட்டியலில் எந்த வரியிலும் வராது. மெக்ரெகரின் கோபத்துக்கு அடியில் இருக்கும் நியாயமான கணக்கு இதுதான்.

சம்பளம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: யூஎஃப்சி வீரர் கம்பெனி ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். களத்தில் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. புதிதாக வருகிறவருக்கு நீண்ட காலம் அது பத்தாயிரம் டாலரும் பத்தாயிரம் டாலருமாக இருந்தது, பிறகு பன்னிரண்டும் பன்னிரண்டும் ஆனது. வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டைதான் கிடைக்கும். அதிலிருந்துதான் பயிற்சியாளர், மேனேஜர், வரி எல்லாம். அந்த இரவின் சிறந்த ஆட்டத்துக்குத் தனி போனஸ் உண்டு. 2013 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் மெக்ரெகர் தன் முதல் யூஎஃப்சி சண்டையில் இறங்கியபோது டப்ளினில் வாரம் 188 யூரோ அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தார். பிளம்பர் வேலை பழகப்போய்ப் பாதியில் விட்டவர். அன்று இரவு அவருக்கு 60,000 டாலர் போனஸ் கிடைத்தது. அதற்கு மேலே போனால் பட்டக்காரர்களுக்கும் சில பெரிய பெயர்களுக்கும் மட்டும் பே-பெர்-வியூ பங்கு இருந்தது. அதாவது அன்றைய சண்டையைக் காசு கட்டிப் பார்க்கும் வீடுகளின் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால், ஒவ்வொரு வீட்டுக்கும் சில டாலர். பெரிய நட்சத்திரங்களை நட்சத்திரமாக்கிய பணம் அதுதான். மற்றவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர் பாஷையில் பீஸ் ரேட்.

மொத்தத்தில் வருமானத்தில் எவ்வளவு வீரர்கள் கைக்குப் போகிறது என்பது பல வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. வெளியே கொண்டுவந்தது ஒரு வழக்கு. 2014 டிசம்பரில் கங் லீ, ஜான் ஃபிட்ச் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள், சந்தையை ஒரே கம்பெனி வளைத்துப் போட்டு எங்கள் கூலியை அமுக்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். அதில் வெளிவந்த கணக்குப்படி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வீரர்களுக்கு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அது ஏறத்தாழ பாதி. அங்கே சங்கம் இருக்கிறது, இங்கே இல்லை. முதலில் பேசி முடித்த 33.5 கோடி டாலர் சமரசம் போதாது என்று நீதிபதி ரிச்சர்ட் பூல்வேர் 2024 ஜூலையில் தள்ளிவிட்டார். பிறகு வந்த 37.5 கோடி டாலரை 2025 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டார். பத்து வருட வழக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீரர்களுக்குப் பணம் கிடைக்க வழி வந்தது. ஒருவருக்கும் பங்கு வரவில்லை.

சரி, சண்டை விளையாட்டில் யாருமே உடைமைக்காரர் ஆகவில்லையா என்றால், குத்துச்சண்டையில் ஆகியிருக்கிறார்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய சுகர் ரே லியோனார்ட், எந்தப் புரமோட்டரிடமும் தன்னை எழுதிக் கொடுக்கவில்லை. மைக் டிரெய்னர் என்ற வக்கீலின் யோசனைப்படி, தெரிந்தவர்களிடம் 20,000 டாலர் சொச்சம் கடன் வாங்கித் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பங்கு முழுக்க அவருடையது. கடனைச் சீக்கிரமே அடைத்தும்விட்டார். வக்கீல் சதவீதம் கேட்கவில்லை, மணிக்கணக்குக்கு ஃபீஸ் வாங்கினார். என் தொழிலில் இருப்பவன் என்பதாலோ என்னவோ, இந்தக் கதையில் எனக்கு லியோனார்டைவிட டிரெய்னரைத்தான் பிடிக்கும்.

அடுத்து ஆஸ்கர் டி லா ஹோயா. சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே கோல்டன் பாய் புரமோஷன்ஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதில் அவர் பங்காளிகளாகச் சேர்த்தவர்களைப் பாருங்கள். ஷேன் மோஸ்லி, 2000-இலும் 2003-இலும் அவரைத் தோற்கடித்தவர். பெர்னார்ட் ஹாப்கின்ஸ், 2004 செப்டம்பரில் ஒன்பதாவது சுற்றில் ஈரல் பக்கம் ஒரு குத்து விட்டு அவரைத் தரையில் சுருள வைத்தவர். தன்னை அடித்தவர்களையே கூப்பிட்டுப் பங்கு கொடுத்த முதலாளி வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா, தெரியவில்லை. கணக்குப் பார்த்தால் அது புத்திசாலித்தனம்: போட்டியாளர் பங்காளி ஆகிவிட்டால், அடுத்த சண்டையில் யார் ஜெயித்தாலும் பணம் ஒரே கல்லாவுக்கு வரும்.

சிக்கலும் அங்கேதான். 2011-இல் மோஸ்லிக்கு மேனி பாக்கியாவோவோடு மோத வாய்ப்பு வந்தது. பாக்கியாவோ இருந்தது கோல்டன் பாயின் பரம வைரியான டாப் ரேங்க் கம்பெனியில். மோஸ்லி கோல்டன் பாயைவிட்டு விலகித்தான் அந்தச் சண்டைக்குப் போக முடிந்தது. வீரனாக அவருக்கு வேண்டியது பெரிய எதிராளி, பங்குதாரராக அவர் காக்க வேண்டியது கம்பெனி. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு குத்துச்சண்டைக்காரரான மேவெதர் எடுத்த வழி வேறு. 2006-இல் 7,50,000 டாலர் கட்டி டாப் ரேங்க்கிலிருந்து தன்னைத்தானே மீட்டுக்கொண்டார் ஃபிளாய்ட் மேவெதர். பிறகு தன் பெயரில் கம்பெனி வைத்து, தன் சண்டைகளுக்குத் தானே கூட்டு அமைப்பாளர் ஆனார். டிக்கெட், டிவி, வெளிநாட்டு உரிமை என்று வந்த பணத்தில் செலவு போக மிஞ்சியது அவருடையது. வேறொருவர் கம்பெனியில் அவர் பங்கு கேட்கவில்லை. தான் இறங்கும் அந்த ஒரு இரவை மட்டும் சொந்தமாக்கிக்கொண்டார். 2017 ஆகஸ்டில் மெக்ரெகரோடு குத்துச்சண்டை வளையத்தில் மோதியபோது நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்திடம் காட்டிய உத்தரவாதத் தொகை மேவெதருக்கு 10 கோடி, மெக்ரெகருக்கு 3 கோடி டாலர். அதற்கு மேல் வந்தது தனி. அந்த ஒரு சண்டைக்கு மெக்ரெகரும் தன் பெயரில் ஒரு கம்பெனியைக் கூட்டு அமைப்பாளராகப் போட்டார். யூஎஃப்சி முகத்தைச் சுளித்தபடியே ஒப்புக்கொண்டது, தானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு.

குத்துச்சண்டையில் இது முடிவதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு. அங்கே பட்டம் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ போன்ற தனி அமைப்புகளிடம் இருக்கிறது. போட்டி நடத்துபவர் ஒருவர், பட்டம் தருபவர் இன்னொருவர். 2000-இல் வந்த முகமது அலி சட்டம், புரமோட்டரும் வீரரின் மேனேஜரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று சுவர் எழுப்பியது. கலப்புத் தற்காப்புக் கலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பெல்ட்டும் கம்பெனியுடையது, யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்பவரும் கம்பெனிக்காரர். நடுவர்களை மட்டும் மாநில ஆணையம் நியமிக்கிறது. இப்படிப்பட்ட கம்பெனியில் ஒரு சாம்பியனுக்குப் பத்து சதவீதம் இருந்தால், ஆபத்தான எதிராளியை அவர் முன்னால் நிறுத்தும்படி யார் சொல்வது? அவர் தோற்றால் எந்தச் சேதமும் இல்லாத கம்பெனிதான் நியாயமாக ஜோடி சேர்க்கும் என்று நான் சொல்லவில்லை, இப்போதும் காசு தரும் சண்டையைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் இருக்கும் கோணலுக்கு மேல் இன்னொரு கோணல் ஏன்?

பங்குதாரரைச் சுலபமாகக் கழற்றிவிட முடியாது என்பது இன்னொரு தொல்லை. 2018 ஏப்ரலில் புரூக்ளினில் மெக்ரெகர் தன் கூட்டாளிகளோடு வந்து, மற்ற வீரர்கள் உட்கார்ந்திருந்த பஸ்ஸின் கண்ணாடி மேல் ஒரு தள்ளுவண்டியைத் தூக்கி எறிந்தார். கண்ணாடி தெறித்ததில் காயப்பட்டவர்கள் அந்த வாரம் சண்டை போட முடியாமல் போனது. கைதானார், வழக்கு நடந்தது. ஆறு மாதத்தில் கபீப் நுர்மகமெதோவோடு அவர் மோதிய சண்டைக்கு விளம்பரமாகவே அந்தக் காட்சியைக் கம்பெனி ஓட்டியது, அது வேறு கதை. 2024 நவம்பரில் ஒரு பெண் தொடுத்த சிவில் வழக்கில், பாலியல் தாக்குதலுக்கு அவர் பொறுப்பு என்று டப்ளின் உயர் நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. அவர் பெயரில் வளர்ந்த விஸ்கியை வைத்திருக்கும் கம்பெனி, இனி அவர் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தும் உத்தேசம் இல்லை என்று அறிவித்தது. 2016-இல் அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால், அப்படியொரு விலகல் யூஎஃப்சிக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

அந்த விஸ்கி ஒரு வேடிக்கை. 2018-இல் மெக்ரெகர் தொடங்கிய ப்ராப்பர் நம்பர் ட்வெல்வ் பிராண்டின் பெரும்பங்கை 2021-இல் விற்றார்கள். அந்த வருடம் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பட்டியலில் உலகிலேயே அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர் அவர், 18 கோடி டாலர். அதில் கூண்டுக்குள் சம்பாதித்தது 2.2 கோடிதான். உடைமை வந்த இடத்தில் பணம் வந்தது. உடைமை மறுக்கப்பட்ட இடத்தில் கூலி மட்டும் வந்தது. 2024 ஏப்ரலில் வெறுங்கைக் குத்துச்சண்டை நடத்தும் பிகேஎஃப்சி கம்பெனியில் பங்கு வாங்கியதாகவும் அறிவித்தார். கடைசியில் ஒரு சண்டைக் கம்பெனியின் பங்காளி ஆகிவிட்டார், தான் சண்டை போடாத கம்பெனியில்.

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு, கிரிக்கெட்டில். 2008-இல் ராஜஸ்தான் ராயல்ஸ் அணி 6.7 கோடி டாலருக்கு ஏலம் போனது. எட்டு அணிகளில் மலிவானது அதுதான். ஷேன் வார்னேவைக் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் கூப்பிட்டபோது, சம்பளத்தோடு அவர் விளையாடும் ஒவ்வொரு வருடத்துக்கும் 0.75 சதவீதம் பங்கு என்று பேசிக்கொண்டார்கள். நான்கு வருடம் ஆடினார், மூன்று சதவீதம். ஒப்பந்தம் எழுதுகிறவன் கண்ணோடு பார்த்தால் அழகான ஏற்பாடு. உழைக்க உழைக்கப் பங்கு சேர்கிறது, பாதியில் போனால் பாதி. ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு அணியில் பங்கு, லீக்கில் இல்லை. எதிர் அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமோ, அம்பயரை நியமிக்கும் அதிகாரமோ ராஜஸ்தான் முதலாளிகளிடம் இல்லை. சண்டைக் கம்பெனி அணியும் லீக்கும் சேர்ந்த ஒரே உடல் என்பதால்தான் அதே ஏற்பாட்டை அங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

ஆனால் அங்கேயும் ஒருவருக்குப் பங்கு கிடைத்தது. தொண்ணூறுகளில் மல்யுத்த டிரம்ப் கார்டு விளையாடிய தலைமுறைக்கு 'ராக்' டுவைன் ஜான்சனைச் சொல்லித் தெரிய வேண்டாம். யூஎஃப்சியும், ராக் வளர்ந்த மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூடபிள்யூஈயும் 2023 செப்டம்பரில் டிகேஓ என்ற ஒரே கம்பெனிக்குள் வந்து நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறின. 2024 ஜனவரியில் ராக் அதன் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். சுமார் 3 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் அவருக்கு எழுதப்பட்டன. அதோடு 'தி ராக்' என்ற பெயரின் வணிக உரிமையும் அவர் கைக்கு வந்தது. இத்தனை வருடம் அந்தப் பெயர் கம்பெனியுடையதாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆக, மெக்ரெகர் மேடையில் கேட்டது கொடுக்கவே முடியாத ஒன்று அல்ல. ஹாலிவுட்டில் பெரிய ஆளாகி, கம்பெனி இல்லாமலும் வாழ முடியும் என்று ஆனவருக்கு அதே வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிரான்சிஸ் எங்கானுவின் கணக்குத்தான் பிடித்தது. கேமரூனின் பாட்டியே கிராமத்தில் சிறுவனாக மணல் குவாரியில் வேலை பார்த்தவர். சஹாரா தாண்டி, கடல் தாண்டி 2013-இல் பாரிஸ் வந்து தெருவில் படுத்தவர். 2021 மார்ச்சில் யூஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன். 2022 ஜனவரியில் முட்டி கெட்ட நிலையிலேயே பட்டத்தைக் காத்தார், அதற்கு அறிவிக்கப்பட்ட கூலி 6,00,000 டாலர். ஒப்பந்தம் முடிந்ததும் புதுசுக்குக் கையெழுத்துப் போடவில்லை. அவர் கேட்டதில் குத்துச்சண்டை போட அனுமதி இருந்தது, சொந்த ஸ்பான்சர் இருந்தது. கூடவே எல்லா வீரர்களுக்கும் மருத்துவக் காப்பீடு, கம்பெனியின் கூட்டங்களில் வீரர்கள் சார்பில் பேச ஒரு ஆள். கம்பெனி கொடுக்கவில்லை, பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. 2023 மே மாதம் போட்டிக் கம்பெனியான பிஎஃப்எல்லோடு ஒப்பந்தம் போட்டார். அங்கே அவருக்கு, அப்போது தொடங்கவிருந்த ஆப்பிரிக்கப் பிரிவின் தலைவர் பதவியும் அதில் பங்கும், ஆலோசனைக் குழுவில் வீரர்களுக்காக ஒரு இடமும். இன்னொரு ஷரத்தும் இருந்தது: தன்னோடு மோத வருகிறவருக்குக் குறைந்தது 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். எதிராளியின் கூலியைத் தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர் என்பதற்காகவே அந்தக் காகிதத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க ஆசை.

அந்த வருடம் அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியைக் குத்துச்சண்டையில் ஒருமுறை கீழே தள்ளி, நூலிழையில் தோற்றார். யூஎஃப்சிக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த இரவு அவருக்கு வாய்த்திருக்காது.

ஆர்ட்டிகிள் பையனுக்கு நான் சொன்னது இதுதான். மெக்ரெகர் பங்கு கேட்டதில் தப்பில்லை. கேட்ட இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. தாய்க் கம்பெனியில் ஒரு நட்சத்திரத்துக்குப் பங்கு கொடுத்த மறுநாள் காலை அவர் வேறு ஆள். பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கும் பையனின் கூலியை உயர்த்தினால் லாபம் குறையும், லாபம் குறைந்தால் இவர் பங்கின் விலை குறையும். சங்கம் அமைக்கக் குரல் கொடுக்கக்கூடிய ஒரே ஆளை, அதாவது எந்தக் கம்பெனியும் துரத்த முடியாத பெரிய பெயரை, முதலாளி பக்கம் உட்கார வைத்தாகிவிட்டது. கம்பெனிக்கு இதைவிட மலிவான பேரம் கிடையாது. டேனா வைட் மறுத்தது பேராசையா, வீம்பா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை.

"அப்ப என்னதாங் சார் குடுக்கலாம்?" என்றான். நட்சத்திரத்துக்கு மேவெதர் வழி: அவர் தலைமைச் சண்டையாக இறங்கும் இரவின் வரவு செலவில் பங்கு. டிக்கெட், டிவி, ஸ்பான்சர் எல்லாம் சேர்த்து. ஜெயித்தாலும் தோற்றாலும் கூட்டத்தைக் கூட்டியது அவர் என்பதால் அது அவருக்குச் சேர வேண்டியது, அடுத்தவர் ஜோடியைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதனால் வராது. மற்ற எல்லோருக்கும் வார்னே வழி: கம்பெனிப் பங்கில் ஒரு பகுதியைப் பொது நிதியாக ஒதுக்கி, ஒவ்வொரு சண்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வீரர் பெயரில் சேர்ப்பது. ஓட்டுரிமை வேண்டாம். கம்பெனி விற்கப்படும்போதும், வீரர் ஓய்வு பெறும்போதும் சந்தை விலைக்குக் காசாக்கிக்கொள்ளலாம். டிகேஓ பங்கு தினமும் சந்தையில் விலை போகிறது. விலை போட ஆடிட்டர்கூடத் தேவையில்லை, என் தொழிலுக்குத்தான் நஷ்டம். 2001-இலிருந்தே அப்படி ஒரு நிதி ஐந்து சதவீதத்துக்கு இருந்திருந்தால், 2016 விற்பனையில் 20 கோடி டாலர் வீரர்களுக்குப் போயிருக்கும், கிரிஃபினுக்கும் போனருக்கும் உட்பட.

இதற்குக் கம்பெனி சம்மதிக்குமா? சங்கமோ வழக்கோ இல்லாமல் சம்மதிக்காது. அதைப் பற்றி எனக்கு மயக்கம் இல்லை.

ஆனால் இப்போது ஒரு புது அவசரம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் யூஎஃப்சி, பாரமவுண்ட் ஊடக நிறுவனத்தோடு ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2026-இலிருந்து அமெரிக்காவில் பே-பெர்-வியூ கிடையாது, சந்தா கட்டியவர்கள் எல்லாச் சண்டையையும் பார்க்கலாம். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். வீரர் பக்கத்திலிருந்து பாருங்கள். மெக்ரெகரும் கபீபும் 2018-இல் மோதியபோது 24 லட்சம் பே-பெர்-வியூ விற்றது என்று உலகத்துக்கே தெரிந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் மேனேஜர்கள் பேரம் பேசினார்கள். இனி வருடப் பணம் மொத்தமாகக் கம்பெனிக்கு வந்துவிடும். எந்தச் சண்டைக்காக எத்தனை பேர் சந்தா கட்டினார்கள் என்ற கணக்கு சேனலிடமும் கம்பெனியிடமும்தான் இருக்கும். அடுத்து வரும் நட்சத்திரம் இரண்டு பெல்ட்டோடு உட்கார்ந்து, கூட்டம் என்னால்தான் வந்தது என்று சொல்லலாம். காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

எங்கள் ஊர் வொர்க்கிங் பார்ட்னர் எவ்வளவு சின்னப் பங்குக்காரராக இருந்தாலும், 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் நகல் எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஏதாவது ஒரு வீரரின் மேனேஜர் என்னிடம் வந்தால், சதவீதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஒரு ஷரத்தைத்தான் முதலில் எழுதி வாங்கச் சொல்வேன்: அவர் சண்டை போட்ட இரவின் சந்தா எண்ணிக்கை, டிக்கெட் வசூல், ஸ்பான்சர் வரவு, மூன்றையும் அவர் அனுப்பும் ஆடிட்டர் பார்க்கலாம், சண்டை முடிந்த தொண்ணூறு நாளுக்குள்.